பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவள்

எங்கே ஆரம்பித்தாலும் தப்பாகத்தான் சொல்லி முடிப்போம் என்று குணவதிக்குத் தெரிந்துபோயிற்று. ரயிலில் ஆரம்பித்தால் பாஸைச் சொல்ல வேண்டும். பாஸைச் சொன்னால் பேர் மாற்றியதைச் சொல்ல வேண்டும். அதெல்லாம் வேண்டாம் என்று நேரே பெட்டிக்குப் போனால், எந்தப் பெட்டி, எதுக்குப் பெட்டி, நீ ஏன் அதுமேல் உட்கார்ந்தாய் என்று கேட்பார்கள், மறுபடி ரயிலுக்கே வர வேண்டும். ஹரிணி மைக்கோடு இரண்டாவது நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். குணவதி உட்கார்ந்திருந்தது ஏழாவது நாற்காலி. பெரியப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம். கலசத் தண்ணீர் ஊற்றி, பெரியம்மா கழுத்தில் மறுபடி தாலி ஏறி, காலில் விழ வேண்டியவர்கள் எல்லாம் விழுந்து எழுந்து, இப்போது திருப்பத்தூர் மண்டபத்தில் முதல் பந்தி நடந்தது. இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பவர்கள் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் மற்றவர்களுடைய கைப்பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சும்மா விடக் கூடாது என்று நினைத்தவள் ஹரிணி, பெரியப்பாவின் மகள் நிர்மலாவுக்குப் பிறந்தவள், போன தையில்தான் கல்யாணமானவள். "ஆளுக்கு ஒரு ஞாபகம், ரெண்டே நிமிஷம். தாத்தா சாப்பிட்டுக்கினே கேப்பாரு" என்று அறிவித்துவிட்டாள். தாத்தா சும்மா கேட்கிற ஆளா? முதல் நாற்காலியில் இருந்தவர், லோகோ ஷெட்டில் கூட வேலை பார்த்தவர், ஏகாம்பரம் அண்ணன் மழையில் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போனார் என்று தழுதழுத்தபோது, பந்தியின் தலைமாட்டிலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. "யோவ், குடை உன்னுதுய்யா. திருப்பிக் குடுத்தேன். அவ்வளவுதான்." கூடம் முழுக்கச் சிரிப்பு. அழ ஆரம்பித்த மனுஷன் தானும் சிரித்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கென்ன, குடைதான் போயிற்று. குணவதி மடியிலிருந்த கைப்பைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சாம்பார் வாளி வந்துவிட்டது. சாம்பாருக்கு அப்புறம் வத்தக்குழம்பு, அப்புறம் ரசம், பாயசம், மோர். மோருக்குள் மைக் தன்னிடம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டாள். வந்தால் என்ன சொல்வது? அவளுக்குச் சொல்லத் தெரியாது, அது ஊரறிந்த விஷயம். எட்டாவதோடு நின்றவள். அப்புறம் குடியாத்தத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றியதுதான் படிப்பு. அவள் வீட்டுக்காரர் சொல்வார், "நீ ஒரு சங்கதியைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பால் பொங்கி அடுப்பே அணைஞ்சுடும்டி." உண்மைதான். சாவு சேதி சொல்லப் போனாலும், போன பஸ்ஸிலிருந்துதான் ஆரம்பிப்பாள். ஆனால் மனசுக்குள் சொல்லிப் பார்க்கும்போது அது அவ்வளவு அழகாக வரும். பாத்திரம் கழுவும்போது, பஸ் ஜன்னலில், அம்மா சாகக் கிடந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். நான் ஒருவாட்டி டில்லி ஆக்ரா எல்லாம் போயிருக்கேன், எங்க பெரியப்பா கூட்டிட்டுப் போனாரு. அங்கே ஆரம்பித்தால் நேராகப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் தோன்றும். போகாது. கூட்டிட்டுப் போனாரு என்றால் எப்படி என்று யாராவது கேட்பார்கள். பெரியப்பாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவரே கேட்பார். அவர்தான் ஹரிணியின் மாமனார், கோதண்டபாணி. முப்பத்தாறு வருஷம் டி.டி.ஆர் ஆக இருந்து ரிட்டையர் ஆனவர்.

அந்த ஆள் டி.டி.ஆர் என்று கல்யாணப் பேச்சு நடந்த அன்றே குணவதிக்குத் தெரியும். பெண்பார்க்க வந்தபோது காபித் தட்டை நீட்டிய ஹரிணியை அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையே டிக்கெட் கேட்பது மாதிரி இருந்தது. தயாளன் அண்ணன், நிர்மலாவின் அண்ணன், காதோரம் வந்து, "குணா, உன் பேரு இன்னா சொல்லு? ஒளறிடாதே" என்று அன்றைக்கே கிண்டல் பண்ணினான். அவனுக்கு அது சிரிப்பு. அவளுக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தின பாஸ்தான், ரயில்வேக்காரர் குடும்பத்துக்கு மட்டும் கொடுக்கிற இலவச டிக்கெட். ஆனால் சர்க்கார் காகிதம் சாகுமா? எங்கேயோ ஒரு கட்டுக்குள் தூசியோடு இருக்கும். ஏகாம்பரம், மனைவி, மகன் தயாளன் வயது பதினைந்து, மகள் நிர்மலா வயது பதின்மூன்று என்று. இந்த நிர்மலா அந்த நிர்மலா இல்லை என்று எவனாவது இப்போது கண்டுபிடித்தால் எண்பது வயசில் மனுஷனுக்குப் பென்ஷனை நிறுத்தினாலும் நிறுத்துவான். அதுவும் இந்த ஹரிணி வெறும் மைக்கா பிடிக்கிறாள்? இன்னொரு கையில் போன் இருக்கிறது, படம் ஓடுகிறது, ராத்திரிக்குள் எல்லார் வீட்டுக்கும் போய்விடும். அவள் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது, "உன் பயத்துக்கு ஒரு ரயிலே விடலாம்" என்றார். சரி, பென்ஷனை விடு. அது ஒரு பயம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை முன்னால் நிறுத்திக்கொண்டு அதன் பின்னால் இன்னொன்று நிற்கிறது என்று அவளுக்கே தெரியும்.

அந்த வருஷம் மே மாசம் ஜோலார்பேட்டை குவார்ட்டர்ஸில் நிர்மலா தண்ணித் தொட்டிச் சுவரிலிருந்து விழுந்தாள். எல்லா லீவுக்கும் குணவதியும் அம்மாவும் அங்கேதான். அப்பா இல்லாத வீட்டில் தீபாவளி வைக்கிறது எப்படி என்று பெரியம்மாவே வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாள். பொங்கலுக்கும் அப்படித்தான். அங்கே கரும்பு தின்றால் சக்கையை அடுப்புக்குச் சேர்த்து வைக்க வேண்டும், எண்ணெய் தேய்த்தால் மூன்று பிள்ளைகளும் பின்கட்டில் வரிசையாக நிற்க வேண்டும், பெரியப்பா ஷெட்டிலிருந்து வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்று தலைக்கும் தானே சீயக்காய் போட்டுவிடுவார். கிரீஸ் வாசம் போகாத அந்த விரல். தலையை ஆட்டினால், "ஏய், போல்ட் கழண்டுடும், ஆட்டாதே" என்பார். மூன்று பேருக்கும் ஒரே அழுத்தம்தான். ஒரு தலைக்குக் கூட, ஒரு தலைக்குக் குறைய என்று இருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காதா? கண்ணை மூடிக்கொண்டு அதைத்தானே அளந்துகொண்டிருந்தாள். நிர்மலாவுக்கு முழங்கால்வரை மாவுக்கட்டு. பாஸ் எழுதி, ஷெட்டில் கூட வேலை பார்த்த அந்தோணிசாமி மாமா குடும்பத்தோடு சேர்ந்து டில்லி போவதாகப் பெர்த் போட்டு, எல்லாம் முடிந்திருந்தது. "நான் போகலன்னா ஒருத்தரும் போகக் கூடாது" என்று நிர்மலா கத்தினாள். அப்போது அம்மா, எப்போதும் வாய் திறக்காத அம்மா, சமையல்கட்டு வாசலில் நின்று சொன்னாள், "அவளை நான் குடியாத்தத்துல வெச்சுப் பாத்துக்கறேங்க மாமா. அந்த எடத்துல இவளைக் கூட்டிட்டுப் போங்க." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பெரியப்பா மீசையைத் தடவினார். அப்புறம் குணவதியைக் கூப்பிட்டார். "உன் பேரு இன்னா?" "குணவதி." "தப்பு. நிர்மலா. இன்னொருவாட்டி சொல்லு."

"நாலாவது ஆளு, நம்ம தயாளன் மாமா!" என்று ஹரிணி கத்தினாள். தயாளன் அண்ணன் மைக்கை வாங்கி, அப்பா தன்னைப் பெல்டால் அடித்த கதையைச் சொன்னான். "பெல்ட் இல்ல, தாம்புக்கயிறு" என்று பெரியப்பா திருத்தினார். சிரிப்பு. வத்தக்குழம்பு வாளி போய்க்கொண்டிருந்தது. ரயிலில் இந்தத் தயாளன்தான் அவளைப் படாத பாடு படுத்தினான். ஜன்னலில் வேடிக்கை பார்க்கும்போது பின்னாலிருந்து மெதுவாக "குணா" என்பான். திரும்பிவிட்டால் அவளுடைய முறுக்கில் ஒன்று அவனுக்கு. விஜயவாடா தாண்டுவதற்குள் ஏழு முறுக்கு போயிற்று. அப்புறம் திரும்புவது நின்றுவிட்டது. மிளகாய்ப்பொடி தடவின இட்லி மூன்றாம் வேளைக்குக் கொஞ்சம் புளித்திருந்தது, அதுவே ருசியாக இருந்தது. கூஜாத் தண்ணீரில் பித்தளை வாசம். பெரியம்மாவே மறந்துபோய், டி.டி.ஆர் இல்லாத நேரத்திலும், "நிர்மலா, தலைய உள்ள எடு, கரி விழும்" என்றாள். பெரியப்பாவை அவள் அப்பா என்று கூப்பிட வேண்டியிருந்தது. முதல் நாள் முழுக்க அதைச் சொல்லாமலே சமாளித்தாள். தண்ணீர் வேண்டும் என்றால் அவர் சட்டையைத் தொட்டுக் காட்டுவாள். இரண்டாம் நாள் காலையில் ஏதோ ஒரு பெரிய ஆற்றுப் பாலத்தில் ரயில் போகிற சத்தத்தில், ஒருத்தருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், "அப்பா" என்று சொல்லிப் பார்த்தாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "இன்னாம்மா" என்றார். அவ்வளவு சத்தத்தில் எப்படிக் கேட்டது? அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாமல், "ஒண்ணுமில்லப்பா" என்றாள். இரண்டு தரம் சொல்லியாயிற்று. அப்பா செத்தபோது அவளுக்கு நாலு வயசு. அந்த வார்த்தையை எந்த இடத்தில் அழுத்திச் சொல்வார்கள் என்றுகூட மறந்திருந்தது.

இதை மைக்கில் சொல்லலாமா? நிர்மலா என்ன நினைப்பாள்? நிர்மலா மோசமானவள் இல்லை. திரும்பி வந்த அன்று மாவுக்கட்டில் பூப்படம் வரைந்து வைத்துக்கொண்டு, "சித்தி எனக்குத் தினமும் பணியாரம் சுட்டாங்களே, உனக்குக் கெடைச்சுதா?" என்று பெருமையடித்தவள். ஆனால் இன்றைக்கும் நாலு பேர் நடுவில், "இவதான் என் பேர்ல தாஜ்மகால் பாத்தவ. நான் இன்னும் பாக்கல" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். சொல்லட்டும். தாஜ்மகாலை யார் நினைத்தார்கள்? வெள்ளையாக இருந்தது, கால் சுட்டது, அவ்வளவுதான் ஞாபகம். சொல்ல வேண்டியது அதற்கு அடுத்த நாள். ஆக்ரா ஸ்டேஷன், பகல் ரயில் மூன்று மணி நேரம் லேட். பெரியம்மாவும் தயாளனும் குழாயடிக்குப் போயிருந்தார்கள். பச்சை டிரங்குப் பெட்டியைக் காவல் காக்கச் சொல்லி அவளை அதன்மேல் உட்கார வைத்திருந்தார்கள். பெட்டித் தகரம் சூடு, பாவாடையை இரண்டாக மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலைவரை முக்காடு போட்ட ஒரு அம்மாள் வந்து எதிரே நின்று, விரலை நீட்டி இந்தியில் ஏதோ கேட்டாள். கோபமா, சாதாரணமா, ஒன்றும் தெரியவில்லை. குணவதிக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் பெரியப்பா டீ வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு கையிலும் மண் குவளை. அந்த அம்மாள் அவரிடமும் அதையே கேட்டாள். பெரியப்பா மோவாயை முன்னால் நீட்டி, ஷெட்டில் கற்ற இந்தியில் சொன்னார், "மேரா பேட்டி." அந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். பெரியப்பா டீயைக் கொடுத்தார். பக்கத்தில் படுக்கைச் சுருட்டின்மேல் இருந்த அந்தோணிசாமி மாமாவின் சம்சாரம் லூர்து அக்காதான் குனிந்து சொன்னாள், "இன்னாடி, உங்க பெரியப்பா உன்னைத் தன் பொண்ணுன்னு சொல்லிட்டாரு. பேட்டின்னா பொண்ணுடி."

பிளாட்பாரத்தில் டி.டி.ஆர் இல்லை. பாஸ் கேட்க யாரும் இல்லை. அந்த முக்காட்டு அம்மாளுக்குப் பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றும் இல்லை. இதுதான் விஷயம். இதைத்தான் முப்பத்தெட்டு வருஷம் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறாள். ஜோலார்பேட்டையில் இறங்கினதும் பெரியம்மா, "குணவதி, அந்தப் பையை எடு" என்றபோது என்னவோ விழுந்த மாதிரி இருந்தது. அப்போதும் அந்த 'மேரா பேட்டி' கூடவே இருந்தது. முறத்துக்கு முன்னால் உட்கார்ந்து முதல் பீடி சுற்றின அன்றும் இருந்தது. கல்யாணத்தில் அவளைத் தாரை வார்த்துக் கொடுத்தது பெரியப்பாதான். சொந்தக்காரர்கள் "தம்பி இருந்தா அவன் குடுத்திருப்பான், பாவம்" என்றார்கள். அவளுக்கு மனசுக்குள் சிரிப்பு வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், மார்க்கெட்டில், வடக்கத்திப் பையன்கள் இரண்டு பேர் லாரியிலிருந்து தக்காளி இறக்கினார்கள். கூடை இல்லை, மரப்பெட்டி. எண்ணிக்கொண்டே இறக்கினார்கள், ஏக் பேட்டி, தோ பேட்டி, தீன் பேட்டி. அவள் கறிவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவர்களுக்கும் பெட்டிக்குப் பேர் அதுதானா? அந்த அம்மாள் விரல் நீட்டியது யாரை? தன்னையா, தன் கீழே இருந்ததையா? இது யாருடைய பெட்டி, வழியில் வைத்திருக்கிறதே என்று கேட்டிருப்பாளோ? பெரியப்பா மோவாயால்தானே காட்டினார். மோவாய் எவ்வளவு உயரத்துக்கு நீண்டது? கை காலியாக இருந்திருந்தால் தலையைத் தொட்டிருப்பார், இல்லை பெட்டியைத் தட்டியிருப்பார், தெரிந்துபோயிருக்கும். பாழாய்ப்போன டீ. லூர்து அக்காவைக் கேட்கலாம் என்றால் அவள் போய் ஒன்பது வருஷம். அவளுக்கு மட்டும் எவ்வளவு இந்தி தெரியும்? பெரியப்பாவின் இந்தி இன்னும் மோசம். அவர் தமிழ்ப் பெட்டியையே கொஞ்சம் இழுத்து இந்தியாக்கி இருப்பார், செய்யக்கூடியவர்தான், டீக்கடையில் சர்க்கரையைச் சக்கர் என்று இழுத்தவர்தானே.

சொன்னால் தெரிந்துவிடும். அதோ, இருபது இலைக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறார், ஞாபகம் ஒரு முடிகூடக் குறையவில்லை, குடை யாருடையது, அடித்தது பெல்டா கயிறா எல்லாம் தெரிகிறது. அவள் மைக்கில் சொல்லி முடித்ததும் அப்பளத்தைக் கடித்துக்கொண்டே சொல்வார், "யேய், நான் பொட்டியச் சொன்னேன்டி." கூடம் முழுக்கச் சிரிப்பு எழும்பும். தயாளன் நாற்காலியைத் தட்டிச் சிரிப்பான். டி.டி.ஆர் கூடச் சிரித்துவிடுவார், பாஸை மறந்துவிடுவார். அவளும் சேர்ந்து சிரிக்க வேண்டும், பல் தெரிய, போனில் படம் ஓடுகிறதே. வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போது எதை எடுத்துப் பார்ப்பது? ஒருவேளை, ஒருவேளை அவர், "ஆமாம், உன்னைத்தான் சொன்னேன்" என்றால்? அதை நினைக்கவே கூடாது, அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. "அஞ்சு முடிஞ்சுது, ஆறாவது நம்ம பக்கத்து வீட்டு ஆன்ட்டி!" ஹரிணியின் வளையல் சத்தம் காதருகே கேட்டது. பக்கத்து நாற்காலிப் பெண் எழுந்து தொண்டையைச் செருமினாள். "எனக்கு அடுத்து நீங்களா?" என்று கேட்டுக் குணவதியின் கையைப் பிடித்தாள். வத்தக்குழம்பு போய், ரச வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறுகிற ஆள் சமையல்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

மடியில் இருந்த மூன்று கைப்பைகளையும் நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். "அண்ணே, அதை இப்படிக் குடுங்க." "உங்களுக்கெதுக்கும்மா, சூடும்மா." "எங்க வீட்டு விசேஷம்ணே, குடுங்க." வாளியின் கனம் கையில் இறங்கியதும் மூச்சு ஒழுங்காயிற்று. வாளி தூக்கினவளிடம் யார் மைக்கை நீட்டுவார்கள்? "சித்தி, இன்னா பண்றீங்க, அடுத்தது நீங்கதான்!" என்று ஹரிணி கூப்பிட்டாள். "ரசம் ஆறிடும்மா, நீ அடுத்தவங்களப் பாரு" என்றாள், திரும்பாமல். பந்தியின் தலைமாட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், அது மரியாதை. பெரியம்மா, "எனக்கு வேணாம்டி, வவுறு ரொம்பிடுச்சு" என்று கையை விரித்தாள். அடுத்து பெரியப்பா. சோற்றைக் குழித்து வைத்திருந்தார். மூன்று தலைக்குச் சீயக்காய் தேய்த்த விரல்கள் இப்போது குழியின் ஓரத்தை அழுத்திக்கொண்டிருந்தன. அவள் கரண்டியை வாளியில் விட்டபோது பக்கத்து இலையிலிருந்து கோதண்டபாணி நிமிர்ந்து பார்த்தார். பழைய டி.டி.ஆர் பார்வை. "காலைலேருந்து பாக்கறேன், ஓடி ஓடிச் செய்யறாங்க. இவங்க உங்களுக்கு என்ன முறை ஆகணும்?" என்று பெரியப்பாவைக் கேட்டார். பெரியப்பா தலையைத் தூக்கிக் குணவதியைப் பார்த்தார். கண் ஓரம் சுருங்கியது, அது சிரிப்பு வருவதற்கு முன்னாலும் சுருங்கும், வேறு ஏதாவது வருவதற்கு முன்னாலும் சுருங்கும். மீசைக்குக் கீழே வாய் திறந்தது. "இவரு தம்பி பொண்ணுங்க நானு" என்றாள் குணவதி, முந்திக்கொண்டு, கூடத்துக்கே கேட்கும்படி. "கையை எடுங்க பெரியப்பா, சுடும்" என்று குழியில் ரசத்தை ஊற்றிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.